பழைய டீசல் வண்டிகளும் இரண்டு தெனாரியமும்

2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நடுவண் அரசின் கனரகத் தொழில் அமைச்சகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மின்சாரத்தில் ஓடும் லாரி வாங்குவோருக்கு, அந்த லாரியின் எடைக்கு ஏற்ப, 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் வரை விலையில் சலுகை தரப்படும். நாடு முழுவதும் ஏறத்தாழ 5,600 லாரிகளுக்கு இந்த உதவி கிடைக்கும். இதற்கு முக்கியமான நிபந்தனை ஒன்றும் உண்டு. பழைய லாரி ஒன்று முறைப்படி உடைத்து அழிக்கப்பட்டதற்கான சான்றிதழைக் காட்டினால்தான் சலுகை.

நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் வந்து, இரண்டு நாள்களில் மறைந்துபோன செய்தி இது. லாரி வாங்கும் திட்டத்துக்கும் நமது விசுவாச வாழ்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். தொடர்பு உண்டு. நம் குழந்தைகளின் நுரையீரலும், நம் பங்குகளில் வாழும் ஓட்டுநர்களின் பிழைப்பும், மக்களின் வரிப்பணமும் இந்த ஒரே கேள்வியில் வந்து கூடுகின்றன. புகையை நிறுத்த வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. நிறுத்துவதற்கான செலவை யார் தோளில் வைப்பது என்பதே கேள்வி.

புகை யாரைச் சுடுகிறது?

டீசல் புகை கண்ணை எரிக்கும், துணியைக் கறுப்பாக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அது உயிரையும் குடிக்கும் என்பதை அறிவியல் உறுதி செய்து பல ஆண்டுகள் ஆகின்றன. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கீழ் இயங்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் இயந்திரப் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று 2012 ஜூன் மாதத்தில் அறிவித்தது. புகையிலையும் கல்நாரும் எந்தப் பட்டியலில் உள்ளனவோ அதே முதல் பட்டியலில் டீசல் புகையும் அன்று சேர்ந்தது. தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்கள் மூச்சுக்குழாயின் அடிவரை சென்று, இரத்தத்திலும் கலக்கின்றன. ஆஸ்துமா, இதயநோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கு இவையும் காரணமாகின்றன. இத்தகைய துகள்கள் ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. இந்தியா தனக்கு வகுத்துக்கொண்ட வரம்போ 40.

எல்லா டீசல் வண்டிகளும் ஒரே அளவில் புகைப்பதில்லை. நம் நாட்டில் வண்டிப் புகைக்கான அளவுகோல்கள் ‘பாரத் ஸ்டேஜ்’ என்ற பெயரில் படிப்படியாக இறுக்கப்பட்டு வந்துள்ளன. 2010இல் நாடெங்கும் வந்த மூன்றாம் நிலையில், கனரக வண்டி இயந்திரம் ஒன்று செய்யும் ஒவ்வொரு அலகு வேலைக்கும் 0.10 கிராம் நுண்துகள் வரை வெளிவிடலாம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஆறாம் நிலையில் அது 0.01 கிராம். அதாவது, விதிப்படி பார்த்தால், பழைய லாரி ஒன்று விடும் புகைத்துகள், புதிய லாரிகள் பத்து விடும் துகளுக்குச் சமம். சரியாகப் பராமரிக்கப்படாத வண்டியாக இருந்தால் இதைவிடவும் கூடும். ஆகவே, பழைய வண்டிகள் சிலவற்றை மாற்றினாலே காற்றில் பெரிய மாற்றம் தெரியும்.

இந்தப் புகை எல்லார்மேலும் ஒரே மாதிரி விழுவதுமில்லை. குளிரூட்டிய காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செல்பவருக்கு ஓரளவு தப்ப வழியுண்டு. வடசென்னையில் எண்ணூர் விரைவுச் சாலையிலும் இராயபுரம், காசிமேடு பகுதிகளிலும் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது, அந்தச் சாலையை ஒட்டிய வீடுகளில் வாழ்வோர் எங்கே போவார்கள்? தூத்துக்குடியில் துறைமுகச் சாலையோரம் தேநீர்க் கடை வைத்திருப்பவர், சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், சாலையோரம் மீன் விற்கும் தாய்மார்கள், பேருந்துக்காகக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள் ஆகியோரே இந்தப் புகையை முதலில் சுவாசிக்கிறார்கள். ஆகஸ்ட் மாதக் கடைசியில் வேளாங்கண்ணி அன்னையை நாடிக் கால்நடையாகச் செல்லும் நம் திருப்பயணிகளும் நாள் கணக்கில் அதே புகையில்தான் செபமாலை சொல்லி நடக்கிறார்கள். எல்லாருக்கும் மேலாக அந்த லாரியின் ஓட்டுநரும் கிளீனரும் இருக்கிறார்கள். ஊரைப் புகைக்கிறார்கள் என்று நாம் குறைசொல்லும் அவர்களே ஊரில் எவரையும்விட அதிகப் புகையைக் குடிப்பவர்கள்.

இதுவரை அரசு செய்தவை

பழைய வண்டிகளை மாற்றும் முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த பொதுநல வழக்கில், டில்லியின் பேருந்துகள் அனைத்தும் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் ஆணையிட்டது. பழைய ஆட்டோக்களையும் டாக்சிகளையும் மாற்றுவோருக்கு நிதிச் சலுகை தர வேண்டும் என்பதும் அந்த ஆணையிலேயே இருந்தது. 2002 டிசம்பருக்குள் டில்லி நகரப் பேருந்துகள் டீசலை விட்டன. ஆனால் அந்த இடைக்காலத்தில் எரிவாயு நிரப்பும் நிலையங்கள் போதாமல், ஆட்டோ ஓட்டுநர்கள் ஓட்டும் நேரத்தை இழந்து மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். நகரம் முழுவதற்கும் நல்ல காற்று கிடைப்பதற்காக அன்றாடங்காய்ச்சிகள் தங்கள் அன்றாடக் கூலியைக் கொடுத்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்து, 2021 மார்ச்சில் பழைய வண்டிகளை உடைக்கும் கொள்கை நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. தகுதிச் சோதனையில் தோற்ற வண்டியை அங்கீகாரம் பெற்ற உடைப்பகத்தில் ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் புதிய வண்டி வாங்கும்போது பதிவுக் கட்டணம் இல்லை. சாலை வரியில் சொந்த வண்டிகளுக்கு 25 விழுக்காடு வரையிலும், வாடகை வண்டிகளுக்கு 15 விழுக்காடு வரையிலும் தள்ளுபடி தரலாம். 15 ஆண்டுகள் கடந்த அரசு வண்டிகள் 2023 ஏப்ரல் முதல் சாலையில் ஓடக் கூடாது என்றும் விதி வந்தது.

மின்சாரப் பேருந்துகளுக்காக இரண்டு பெரிய திட்டங்கள் வந்தன. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற முதல் திட்டத்தின் மதிப்பு 57,613 கோடி ரூபாய். அதில் 20,000 கோடி நடுவண் அரசின் பங்கு. இலக்கு 10,000 பேருந்துகள். 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டத்துக்கு 10,900 கோடி ரூபாய். இதில் 14,028 பேருந்துகளுக்காக 4,391 கோடி ஒதுக்கப்பட்டது. மின் லாரிகளுக்கு ஒதுக்கப்பட்டதோ 500 கோடி மட்டுமே. தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட 9.6 லட்சம் ரூபாய்ச் சலுகை இந்த 500 கோடியிலிருந்துதான் வருகிறது.

தமிழகத்தில் 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. ஆகஸ்ட் மாதத்தில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து மேலும் 135 பேருந்துகள் ஓடத் தொடங்கின. உலக வங்கியின் கடனுதவியும் இதில் உண்டு. இந்த இரண்டு இடங்களையும் கவனிக்க வேண்டும். வியாசர்பாடி தொழிலாளர்கள் நெருக்கமாக வாழும் வடசென்னையில் உள்ளது. பெரும்பாக்கம், நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடிசைவாழ் மக்கள் மறுகுடியமர்த்தப்பட்ட இடம். புகையில்லாப் பேருந்து, ஏழை வாழும் தெருவிலிருந்து தொடங்கியது நல்ல அடையாளம். தாழ்தளம் என்பதால் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் பிறர் தூக்கிவிடாமல் ஏற முடிகிறது. பொதுப்பணம் பொதுப்போக்குவரத்துக்குச் சென்றால் பயன் எத்தனை பேரைச் சேரும் என்பதற்கு இது ஒரு சான்று.

ஒரு லாரி வைத்திருப்பவரின் கணக்கு

லாரிகளின் நிலைமை வேறு. டீசல் லாரிகள் நாட்டின் மொத்த வண்டிகளில் 3 விழுக்காடுதான் என்றாலும், போக்குவரத்தால் வரும் பைங்குடில் வாயுக்களில் 42 விழுக்காடு அவற்றிலிருந்தே வருகிறது என்று 2025இல் திட்டத்தைத் தொடங்கியபோது அமைச்சகமே கூறியது. அப்படியானால் முதன்மையான கவனம் இங்கே வேண்டும். ஆனால் நாட்டில் ஓடும் லாரிகள் பல லட்சம். சலுகை 5,600 லாரிகளுக்கு.

அந்த 5,600 யாருக்குப் போய்ச் சேரும்? இந்தியாவில் பெரும்பாலான லாரிகள் பெரிய நிறுவனங்களுக்குச் சொந்தமானவை அல்ல. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் சென்று பார்த்தால், ஒரு லாரி அல்லது இரண்டு லாரி வைத்துக்கொண்டு தானே ஓட்டும் உரிமையாளர்களைக் காணலாம். பலர் ஓட்டுநராக இருந்து, நகையை அடகு வைத்து, தனியார் நிதி நிறுவனத்தில் கடன் வாங்கி, இரண்டாம் கை, மூன்றாம் கை லாரியை வாங்கியவர்கள். அந்த லாரிதான் மகளின் திருமணம். அந்த லாரிதான் மகனின் கல்லூரிக் கட்டணம்.

கனரக மின் லாரி ஒன்றின் விலை, அதே எடையுள்ள டீசல் லாரியின் விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக இருக்கிறது. அதில் 9.6 லட்சம் குறைந்தாலும் மீதியை ஒற்றை லாரிக்காரரால் புரட்ட முடியாது. வங்கி அவரை நம்பிக் கடன் தருவதும் அரிது. வழியில் மின்னேற்ற நிலையம் இல்லாவிட்டால் சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேராது. ஆகவே அவர் இந்தச் சலுகைக்கு வெளியே நிற்கிறார். துறைமுகம், உருக்காலை, சிமென்ட் ஆலை ஆகியவற்றுக்கிடையே குறித்த தடத்தில் ஓட்டும் பெரிய நிறுவனங்களே எளிதாக உள்ளே வர முடிகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. உடைப்புக்கான சான்றிதழை வேறொருவருக்கு விற்கலாம் என்று விதி சொல்கிறது. இது வசதியான ஏற்பாடுதான். ஆனால் நடைமுறையில் என்ன நேரக்கூடும்? சிறிய உரிமையாளர் தம் பழைய லாரியை இரும்பு விலைக்குக் கொடுத்து, சான்றிதழைச் சிறு தொகைக்கு விற்றுவிட்டு, தொழிலை விட்டு வெளியேறுவார். அதை வாங்கிய பெரிய நிறுவனம் அரசின் முழுச் சலுகையையும் பெறும். ஒரே காகிதத்தின் ஒரு முனையில் ஒருவர் பிழைப்பை இழக்கிறார். மறுமுனையில் ஒருவர் மானியம் பெறுகிறார். சட்டப்படி இதில் குற்றம் எதுவும் இல்லை. நீதிப்படி இதைச் சரி என்று சொல்ல முடியுமா?

சலுகை இப்படி எட்டாத தொலைவில் இருக்க, தண்டம் மட்டும் வீட்டு வாசலுக்கே வருகிறது. 20 ஆண்டுகள் கடந்த கனரக வண்டிகளுக்கான தகுதிச் சோதனைக் கட்டணம் 2025 நவம்பரில் 2,500 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. டில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு எரிபொருள் நிரப்பக் கூடாது என்ற ஆணை 2025 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது; மக்கள் எதிர்ப்பால் சில நாள்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. மாற்று வழியைக் காட்டாமல் தடையை மட்டும் காட்டினால் சட்டமும் நிற்காது, காற்றும் தெளியாது என்பதற்கு அது போதுமான பாடம்.

கடல் கடந்த இரண்டு பாடங்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2005ஆம் ஆண்டு டீசல் புகைக் குறைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் ஒஹாயோ மாநிலத்தின் செனட்டரான ஜார்ஜ் வாய்னோவிச். அவர் ஒரு கத்தோலிக்கர். அரசியலில் எதிரெதிர் அணியில் இருந்தவர்களும் அச்சட்டத்துக்குக் கைகொடுத்தார்கள். பள்ளிப் பேருந்து, லாரி, துறைமுக வண்டி ஆகியவற்றை மாற்ற அரசு நிதி தரும். நிதி பெற்றவர் பழைய வண்டியை விற்க முடியாது. இயந்திரத்தின் நடுக்கட்டையில் மூன்று அங்குலத் துளை போட்டு, வண்டியின் அடிச்சட்டத்தையும் அறுத்து, படம் எடுத்துக் காட்ட வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? அப்படிச் செய்யாவிட்டால், பணக்கார ஊரில் கழிக்கப்பட்ட வண்டி ஏழை ஊரில் போய்ப் புகைக்கும். நம் நாட்டில் இதை நாம் கண்ணாரக் காண்கிறோம். டில்லியில் ஓடக்கூடாத வண்டி, தடையில்லாச் சான்று பெற்று வேறு மாநிலத்துச் சிற்றூருக்கு விற்கப்படுகிறது. டில்லிக் குழந்தையின் மூச்சுக்கு ஆகாத புகை வேறு ஊர்க் குழந்தைக்கு ஆகுமா? இந்த வகையில், உடைப்புச் சான்றிதழை நிபந்தனையாக்கிய நம் மின் லாரித் திட்டம் சரியான வழியில் நடக்கிறது என்று பாராட்ட வேண்டும். அதே அமெரிக்க நாட்டில் 2021இல் வந்த உள்கட்டமைப்புச் சட்டம், பள்ளிப் பேருந்துகளை மாற்ற ஐந்து ஆண்டுகளுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. வருமானம் குறைந்த பகுதிகள், சிற்றூர்கள், பழங்குடியினர் பகுதிகள் ஆகியவற்றின் பள்ளிகளுக்கு முன்னுரிமை என்று அதில் எழுதப்பட்டது. ஏழைக்கு முன்னுரிமை என்பது மறையுரையில் மட்டும் சொல்லப்படுவதாக இல்லாமல் வரவு செலவுத் திட்டத்திலும் எழுதக்கூடிய ஒன்று என்பதை இது காட்டுகிறது.

இரண்டாவது பாடம் வோக்ஸ்வாகன் வழக்கு. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை டீசல் கார்களில் அந்நிறுவனம் பொருத்தியிருந்தது 2015 செப்டம்பரில் வெளியானது. உலகம் முழுவதும் அப்படி விற்கப்பட்ட கார்கள் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம். 2016இல் தொடங்கிய அமெரிக்க நீதிமன்ற உடன்பாடுகளின்படி, அந்நிறுவனம் ஏறத்தாழ 290 கோடி டாலரை ஒரு நிதியத்தில் செலுத்தியது. மாநிலங்கள் அந்தப் பணத்தைக்கொண்டு பழைய டீசல் பேருந்துகளையும் லாரிகளையும் மாற்றின. இந்தியாவிலும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் அந்நிறுவனத்துக்கு 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மே மாதத்தில், கட்டாய நடவடிக்கை எதுவும் கூடாது என உச்ச நீதிமன்றம் தடை தந்தது.

எரிகோ நகரின் சக்கேயு நம் நினைவுக்கு வருகிறார். ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அவர் ஆண்டவர் முன்னிலையில் எழுந்து நின்று சொன்னார். மனமாற்றம் அவர் வீட்டில் பணமாகவும் வெளிப்பட்டது. பிறர் பொருளை அநியாயமாக எடுத்தவர் அதை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்பது ஏழாம் கட்டளையைப் பற்றி நாம் மறைக்கல்வி வகுப்பில் கற்றதே. காற்றும் பிறர் பொருள்தான். அதைக் கெடுத்து இலாபம் ஈட்டியவர் முதலில் ஈடுசெய்ய வேண்டும். தெரிந்தே கெடுத்த பெரிய நிறுவனத்தையும், வேறு வழியின்றிப் பழைய லாரி ஓட்டும் ஏழையையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

விடுதிக்காரர்மேல் சுமத்தாத சமாரியர்

நல்ல சமாரியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டு இரங்கி, காயங்களைக் கட்டி, தாம் ஏறிவந்த விலங்கின்மேல் ஏற்றிச் சென்றார் என்பதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறோம். லூக்கா நற்செய்தியாளர் அதற்குமேல் ஒரு கணக்கையும் எழுதி வைத்திருக்கிறார். மறுநாள் சமாரியர் இரண்டு தெனாரியத்தை எடுத்து விடுதிக்காரரிடம் கொடுத்தார். அன்றைய நிலையில் அது ஒரு தொழிலாளியின் இரண்டு நாள் கூலி. அதற்குமேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்களித்தார்.

இங்கே விடுதிக்காரரை எண்ணிப் பார்க்க வேண்டும். அடித்தவர் அவரல்லர், கண்டும் காணாமல் போனவரும் அவரல்லர். அவர் சாலையோரம் பிழைப்பு நடத்தும் ஒருவர். அடிபட்டவரைக் காப்பாற்றுவது அவருக்கும் கடமைதான் என்று சொல்லி, முழுச் செலவையும் சமாரியர் அவர் தலையில் கட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. முதல் செலவைக் கையில் கொடுத்தார். பின்னால் வரும் செலவுக்கும் பொறுப்பேற்றார்.

பழைய லாரியின் உரிமையாளர் இன்று அந்த விடுதிக்காரரின் இடத்தில் இருக்கிறார். காயம்பட்ட காற்றுக்கு மருத்துவம் பார்க்க அவருடைய ஒத்துழைப்பு வேண்டும். ஆனால் அந்த மருத்துவச் செலவை அவர் ஒருவரே ஏற்க வேண்டும் என்பது நீதியன்று. அவர் ஏற்றி வந்த அரிசியை நாம் உண்டோம்; சிமென்டால் வீடு கட்டினோம்; குறைந்த வாடகையின் பயனை அனைவரும் அனுபவித்தோம். செலவிலும் அனைவரும் பங்கேற்க வேண்டும். அரசு தரும் மானியத்தின் அறநெறி அடிப்படை இதுதான். ஆகவே அதைப் பிச்சை என்றோ இலவசம் என்றோ எவரும் இழிவாகப் பேச வேண்டியதில்லை.

அத்துடன் உதவி முதல் நாள் செலவோடு நின்றுவிடக் கூடாது. வண்டியின் விலையில் ஒரு பகுதியைக் குறைப்பது இரண்டு தெனாரியம். குறைந்த வட்டியில் வங்கிக் கடன், நெடுஞ்சாலையில் மின்னேற்ற நிலையங்கள், மின்கலம் பழுதானால் உத்தரவாதம், மின் லாரி வாங்க இயலாதவருக்குப் புகை குறைந்த ஆறாம் நிலை வண்டிக்காவது உதவி, பழைய டீசல் இயந்திரத்தையே நம்பியிருக்கும் மெக்கானிக்குகளுக்குப் புதுத்தொழில் பயிற்சி ஆகியவை திரும்பி வரும்போது தருவதாகச் சொன்ன தொகை. முதலாவது மட்டும் கொடுத்துவிட்டு இரண்டாவதை மறந்தால் விடுதிக்காரர் கடனாளியாவார்.

திருச்சபையின் போதனையும் இதே வழியில் செல்கிறது. திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1990ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தியிலேயே சுற்றுச்சூழல் நெருக்கடியை அறநெறி நெருக்கடியாகக் கண்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடல், நிலக்கரியும் எண்ணெயும் சார்ந்த தொழில்நுட்பத்தைக் காலம் தாழ்த்தாமல் படிப்படியாக மாற்ற வேண்டும் என்று கேட்டது. பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதும் அத்திருமடலின் உயிர்நாடி. ஒன்றை மட்டும் கேட்டால் மற்றதற்குச் செவிடராவோம். 2024 டிசம்பரில் திருத்தந்தையின் வாகனமே மின்சார வாகனமாக மாறியது. 2025 மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, தொழிலாளர் உரிமைக்காக 1891இல் திருமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைத்தே அப்பெயரைத் தேர்ந்துகொண்டதாகக் கூறினார். தொழில்நுட்பம் மாறும் காலத்தில் தொழிலாளரை மறக்கக் கூடாது என்பதை அந்தப் பெயரே நமக்குச் சொல்கிறது.

எழுப்ப வேண்டிய இரு கேள்விகள்

மின்சார வண்டி என்றதும் எல்லாம் தூய்மையாகிவிடும் என்று எண்ணுவதும் சரியாகாது. அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நம் மாநிலத்தில் காற்றாலையும் சூரிய ஒளியும் வளர்ந்திருந்தாலும், எண்ணூர்ப் பகுதியிலும் தூத்துக்குடியிலும் நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அண்ணா சாலையில் குறையும் புகை, எண்ணூர்க் கழிமுகத்து மீனவரின் வலையில் சாம்பலாகப் படிந்தால் அதை வெற்றி என்று கொண்டாட முடியாது. வண்டி மாறும் வேகத்தில் மின் உற்பத்தியும் மாற வேண்டும் என்று நாம் சேர்த்தே கேட்க வேண்டும்.

இரண்டாவது, வேலையைப் பற்றியது. புதிய மின்சாரப் பேருந்துகள் பலவற்றைத் தனியார் நிறுவனங்கள் ஒப்பந்த முறையில் இயக்குகின்றன. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு பணம் தருகிறது. சென்னையில் ஓட்டுநர்கள் அந்த நிறுவனத்தின் பணியாளர்கள். அரசு ஊழியராக இருந்த ஓட்டுநருக்குக் கிடைத்த ஊதியமும் ஓய்வூதியமும் பாதுகாப்பும் இவர்களுக்குக் கிடைக்கின்றனவா? பொதுப்பணத்தால் ஓடும் பேருந்தில் ஓட்டுநரின் வியர்வைக்கு நீதியான கூலி கிடைப்பதை உறுதிசெய்வதும் பொதுநலனே.

நம் பங்குகளில் என்ன செய்யலாம்?

அரசைக் கேள்வி கேட்கும் நாம் நம் வளாகங்களையும் பார்ப்போம். நம் மறைமாவட்டப் பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் நடத்தும் பேருந்துகள், வேன்கள் எத்தனை? அவற்றின் வயது என்ன? பி.எஸ். நிலை என்ன? பங்குப் பேரவையும் பள்ளி நிர்வாகமும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மிகப் பழையதை முதலில் மாற்றும் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை வகுக்கலாம். மாற்றும்போது பழைய பேருந்தைக் குறைந்த விலைக்குச் சிற்றூர்ப் பள்ளிக்கு விற்றுவிடாமல், அங்கீகாரம் பெற்ற உடைப்பகத்தில் ஒப்படைப்பதே நேர்மை. மாற்ற வசதி இல்லாவிட்டாலும், பிள்ளைகள் ஏறும்வரை இயந்திரத்தை அணைத்து வைக்கச் சொல்வதற்கு ஒரு ரூபாயும் தேவையில்லை. தேர்ப்பவனியில் தேருக்குப் பின்னால் வரும் டீசல் ஜெனரேட்டரின் புகை, பின்தொடர்ந்து செபிக்கும் மக்களின் முகத்தில் அடிக்கிறது. இதற்கும் மாற்று வழி தேட வேண்டும்.

அடுத்து, நம் அன்பியங்களில் லாரி, வேன், ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் உள்ளன. திட்டங்களின் பெயர்கூட அவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை. இணையத்தில் விண்ணப்பிப்பது, உடைப்புச் சான்றிதழின் உண்மை மதிப்பை அறிவது, இடைத்தரகரிடம் ஏமாறாமல் இருப்பது ஆகியவற்றில் மறைமாவட்டச் சமூகப் பணி மையங்களும் நம் இளைஞர் இயக்கங்களும் கைகொடுக்கலாம். தனியாக இயலாதவர்கள் நான்கைந்து பேராகக் கூடிக் கூட்டுறவாக விண்ணப்பிக்க வழிகாட்டலாம். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கும்போது, மின் லாரிச் சலுகையில் ஒரு பகுதியை ஒன்றிரண்டு லாரி மட்டும் வைத்திருப்போருக்கென ஒதுக்க வேண்டும் என்ற ஒரு கோரிக்கையை நாம் முன்வைக்கலாம். லாரிகளுக்கான திட்டக்காலம் 2028 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருப்பதால், கேட்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

அன்பார்ந்த இறைமக்களே, புதிய வண்டி வாங்கியதும் அதை ஆலய வாசலுக்குக் கொண்டுவந்து, அருள்பணியாளரிடம் மந்திரித்து, முன்கண்ணாடியில் புனித கிறிஸ்டோபர் படத்தையோ செபமாலையையோ தொங்கவிடுவது நம் நல்ல வழக்கம். அதில் பயணிப்பவருக்கு விபத்து நேரக் கூடாது என்று வேண்டுகிறோம். அந்த வண்டியின் பின்னால் நடப்பவருக்கும், அதை ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுபவருக்கும் தீங்கு நேரக் கூடாது என்ற வேண்டுதலையும் இனிச் சேர்த்துக்கொள்வோம். வேண்டியது நிறைவேற வேண்டுமானால், நாமும் அரசும் சேர்ந்து நம் பங்குக்கான இரண்டு தெனாரியத்தை எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.